மாமாயெவ் மேட்டில் 90 நிமிடம்: ஸ்டாலின்கிராட் ஈமக்குன்றை ஹெல் லெட் லூஸ் எப்படிக் கட்டியிருக்கிறது

ஹெல் லெட் லூஸ் இரண்டாம் உலகப் போரை வைத்து இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கணினி ஆட்டம். ஜெர்மானியரும் சோவியத் படையும் மோதிய ஸ்டாலின்கிராட் அதில் ஒரு களம், அந்நகரின் மாமாயெவ் குர்கானைத்தான் இங்கே பார்க்கிறோம். குர்கான் என்ற துருக்கியச் சொல்லுக்கு ஈமக்குன்று என்று பொருள். மரத்தாலோ கல்லாலோ ஓர் அறை கட்டி, இறந்தவரை உள்ளே கிடத்தி, மேலே மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு அது. உக்ரைன் தொடங்கி மத்திய ஆசியா வரை புல்வெளி நெடுக இப்படிப்பட்ட மேடுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. நம் சங்கப் பாட்டில் பதுக்கை என்று வருவதும் ஏறத்தாழ இதே காரியம்தான். அங்கே மண், இங்கே பரல்கல். வோல்கா ஆற்றின் வலக்கரையில் நிற்கும் மாமாயெவ் குர்கானுக்கு 14-ஆம் நூற்றாண்டுத் தாத்தார் தலைவன் மாமாயின் பெயர். அவன் அங்கே புதைக்கப்பட்டான் என்பது ஊர்க்கதை. போர் வரைபடங்களில் இந்த மேட்டுக்குப் பெயரே கிடையாது, எண்தான்: உயரம் 102.0.

102 மீட்டர் என்றதும் பெரிய மலையை நினைத்துவிட வேண்டாம். அது கடல்மட்டக் கணக்கு. இன்று அங்கே நினைவிடத்துக்கு ஏறிப்போகும் படிகள் 200, சண்டை நடந்த 200 நாளுக்கு நாளுக்கொரு படி. சென்னிமலை முருகனைப் பார்க்க நாம் ஏறுவது 1,320 படி. அளவில் மாமாயெவ் நம்மூர் ஆட்கள் கரடு என்று சொல்கிற வகை. ஆனால் சுற்றிலும் தட்டையான நிலம், கிழக்கே ஆறு. இந்தக் கரட்டில் நிற்பவன் கண்ணுக்கு நகரமும் தொழிற்சாலைகளும் படகுத்துறையும் ஒருசேரத் தெரியும். 1942 செப்டம்பர் நடுவில் ஜெர்மானியர் அதைப் பிடித்தார்கள். இரவில் வோல்காவைக் கடந்து வந்த சோவியத் தளபதி ரோதிம்ட்செவின் 13-ஆவது காவல் துப்பாக்கிப் படைப்பிரிவு 16-ஆம் தேதி திரும்பப் பிடித்தது. பிறகு மேடு கைமாறிக்கொண்டே இருந்தது. 1943 ஜனவரி 26 அன்று மேற்கிலிருந்து வந்த 21-ஆவது சோவியத் சேனையும் ஆற்றங்கரையில் ஒட்டிக்கொண்டிருந்த 62-ஆவது சேனையும் சந்தித்துக்கொண்டது இந்தக் குன்றுப் பக்கத்தில்தான்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். ஹெல் லெட் லூஸை உருவாக்கியது பிளாக் மேட்டர், வெளியிட்டது டீம்17. 2019-இல் முன்னோட்டமாக வந்து, 2021 ஜூலை 27 அன்று கணினிக்கு முழுப் பதிப்பானது. ஸ்டாலின்கிராட் வரைபடம் அந்த முழுப் பதிப்போடு சேர்ந்து வந்தது. அதற்குத் தனிக்காசு கிடையாது. பக்கத்துக்கு 50 பேர், ஆக 100 பேர் ஒரே களத்தில். கமாண்டர் ஒருவர். அவருக்குக் கீழே ஆறு பேர் கொண்ட காலாட்குழுக்கள், மூன்று பேர் கொண்ட டாங்கிக்குழுக்கள், இரண்டு பேர் கொண்ட வேவுக்குழுக்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்று காட்டும் சின்ன வரைபடம் திரை ஓரத்தில் இருக்காது. சுட்ட குண்டு பட்டதா என்று சொல்லும் குறியும் இருக்காது. மேட்டையும் பள்ளத்தையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிலத்தை மதிக்கிற ஆட்டம் என்று இதை நாங்கள் சொல்வது அதனால்தான்.

வரைபடம் 2 கிலோமீட்டர் சதுரம். குறுக்கே ஏ முதல் ஜே வரை பத்துக் கட்டம், நெடுக்கே 1 முதல் 10 வரை பத்துக் கட்டம், ஒவ்வொரு கட்டமும் 200 மீட்டர். மேற்கே ஜெர்மானியர், கிழக்கே வோல்காவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சோவியத் பக்கம். மேற்கிலிருந்து கிழக்கே களம் ஐந்து பட்டையாகப் பிரிகிறது. பட்டைக்கு 400 மீட்டர் அகலம். ஒவ்வொரு பட்டையிலும் மூன்று இடங்கள் உண்டு, ஆட்டம் தொடங்கும்போது அதில் ஒன்று பாயிண்டாக, அதாவது இரு பக்கமும் பிடிக்கப் போராடும் இடமாக, வரும். மேற்குக் கோடிப் பட்டையின் மூன்று: மாமாயெவ் அப்ரோச், ஆணித் தொழிற்சாலை, சிட்டி ஓவர்லுக். அடுத்த பட்டையில் டோல்கி பள்ளம், மஞ்சள் வீடு, கொம்சொமோல் தலைமையகம். நடுவே ரயில்வே கிராசிங், வண்டிப்பட்டறை, ரயில் நிலையம். அப்புறம் தொழிலாளர் இல்லம், பாவ்லோவ் வீடு, சாராய ஆலை. கடைசியில் எல் வடிவ வீடு, குருதினின் ஆலை, வோல்கா கரை.

இதிலிருந்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, ஸ்டாலின்கிராட் வரும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குன்றுப் பக்கம் பாயிண்டாக வராது. மூன்றில் ஒரு முறை வரும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு, வந்தாலும் அங்கே சண்டை நடக்கும் என்ற உறுதி இல்லை. வார்ஃபேர் என்ற 90 நிமிட ஆட்டவகையில் பக்கத்துக்கு இரண்டு பாயிண்ட் கையில் இருக்க, நடுப் பாயிண்டுக்குத்தான் இழுபறி. சோவியத் பக்கம் நடுவையும் அதற்கு அடுத்ததையும் பிடித்து மேற்குக் கோடி வரை தள்ளினால்தான் மாமாயெவ் பக்கம் துப்பாக்கி வெடிக்கும். ஒரு பக்கம் தாக்க, மறுபக்கம் காக்கும் அஃபென்சிவ் வகையில் நிலைமை வேறு. குன்றுப் பக்கம் பாயிண்டாக வந்திருந்தால், ஜெர்மானியர் தாக்கும்போது அது முதல் பாயிண்ட், சோவியத் தாக்கும்போது கடைசிப் பாயிண்ட். குன்றுப் பக்கத்தில் ஆட வேண்டும் என்பதற்காகவே நுழைபவர்கள் சர்வர் பட்டியலில் ஸ்டாலின்கிராட் அஃபென்சிவ் என்று இருப்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஜெர்மன் தாக்குதல் ஆட்டம் கிடைத்தால் கட்டாயம் ஆட்டத் தொடக்கத்திலேயே சேருங்கள். இருபது நிமிடம் தாமதமாக உள்ளே போனால் சண்டை டோல்கி பள்ளத்துக்கு நகர்ந்திருக்கும்.

எங்கள் முதல் குறை இங்கேதான். பெயரில் அப்ரோச் என்று இருப்பதைக் கவனியுங்கள். கிடைப்பது குன்றை நோக்கி ஏறிப்போகும் நிலம், குன்று முழுதும் இல்லை. உண்மையில் மாமாயெவ் குர்கான் பாவ்லோவ் வீட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர். களமே 2 கிலோமீட்டர் சதுரம் என்னும்போது இரண்டையும் நிஜ அளவில் ஒன்றாக அடக்க வழியே இல்லை. தயாரித்தவர்கள் நகர நடுவையும் ரயில் நிலையத்தையும் ஆற்றங்கரையையும் தேர்ந்தெடுத்து, குன்றை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ரெட் ஆர்கெஸ்ட்ரா 2 பழைய ஆட்டம், 2011-இல் வந்தது. அதில் மாமாயெவ் குர்கானே தனி வரைபடமாக உண்டு. குன்றின் மேலேயே நின்று ஆட ஆசைப்பட்டால் அங்கே போகலாம். படத்தெளிவு பத்தாண்டுக்கு முந்தியது, ஆட ஆள் கிடைப்பதும் சிரமம். ஹெல் லெட் லூஸின் பலம் வேறு. 400 மீட்டர் திறந்தவெளியில் ஐம்பது பேர் சேர்ந்து ஏறுவதும், அதை ஐம்பது பேர் தடுப்பதும் என்ன என்பதை இது உடம்புக்கு உணர்த்துகிறது.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு மேட்டின் விளிம்பில் படுத்திருக்கிறீர்கள். கையில் டிபி-27 என்ற சோவியத் இயந்திரத் துப்பாக்கி. மேலே தட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் அதன் மேகசினில் 47 ரவை. தலையைத் தூக்கினால்தான் கீழே தெரியும். தூக்கினால், கீழே இருப்பவனுக்கு வெளிறிய வானத்தின் முன்னால் உங்கள் ஹெல்மெட் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அவனுக்குக் குறி பார்க்க வேறு எதுவும் தேவையில்லை. அதே மேட்டில் பத்தடி இறங்கி, பின்னால் இடிந்த சுவரோ மண்ணோ இருக்கிற மாதிரி படுத்தால், அதே ஆள் உங்களை இரண்டு நிமிடம் தேடுவான். ஆடு காக்கப் பாறைமேல் உட்காருகிற நம்மூர்ப் பையனுக்குக்கூட இது தெரியும்: பாறை உச்சியில் நின்றால் ஊரே பார்க்கும். புதிதாக ஆடுபவர்களில் பாதிப்பேர் இந்த மேட்டில் சாவதற்குக் காரணம் இதுதான். உயரம் கிடைத்ததும் உச்சிக்கு ஓடுகிறார்கள். உச்சி பார்ப்பதற்கு, படுப்பதற்கும் கட்டுவதற்கும் உச்சிக்குப் பின்னால் இருக்கும் இறக்கம்.

காரிசன் கட்டுவதிலும் அதே தவறு நடக்கிறது. காரிசன் என்பது செத்தவர்கள் மறுபடி இறங்கும் இடம். அதைக் குழுத்தலைவரோ கமாண்டரோதான் வைக்க முடியும், 50 சப்ளை (கட்டுவதற்கான சரக்கு) வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 200 மீட்டர் இடைவெளி வேண்டும், ஒரு பக்கத்துக்கு எட்டுக்கு மேல் கூடாது. எதிரிக்குச் சொந்தமான நிலத்தில் வைத்தால் 100 சப்ளை. 40 விநாடிக்கு ஒருமுறை அதிலிருந்து ஆள் இறங்கும். குழுத்தலைவர் தன் ஆறு பேருக்கு மட்டும் வைக்கும் அவுட்போஸ்டுக்குச் சப்ளை தேவையில்லை, 20 விநாடிக்கு ஒருமுறை இறங்கலாம், ஆனால் எதிரி நெருங்கினாலே போய்விடும். இந்த எண்களை மேட்டு நிலத்தோடு சேர்த்துப் பாருங்கள். பட்டை அகலம் 400 மீட்டர், இடைவெளி 200 மீட்டர். அப்படியென்றால் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைதான் வைக்க இடம். முன் வரிசைக் காரிசனைப் பாயிண்ட் வட்டத்துக்குள் வைத்தால் அதை எதிரி முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பான். வந்தால் குண்டுகூட வேண்டாம், கையாலேயே பிரித்துப் போட்டுவிடலாம்.

ஜெர்மன் பக்கம் நின்று மேட்டைக் காப்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் முறை இது. ஆட்டம் தொடங்கியதும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் சப்போர்ட் வேலையை எடுக்கட்டும். அவர் கையில்தான் சப்ளைப் பெட்டி இருக்கிறது. முதல் காரிசன் பாயிண்டுக்கு மேற்கே, மேட்டுக்குப் பின்புறம். இரண்டாவது வடக்கே ஒரு கட்டம் தள்ளி. மூன்றாவது தெற்கே ஒரு கட்டம் தள்ளி. முக்கோணமாக மூன்று. நேர்முகமாக ஏறி வருகிறவன் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் மற்ற இரண்டிலிருந்து பக்கவாட்டில் ஆள் வரும். எஞ்சினியர் ஒருவர் கமாண்டருக்கு வளம் சேர்க்கும் மனிதவளம், வெடிமருந்து, எரிபொருள் என்ற மூன்று நோடையும் பின்னால் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் என்ன ஆகும்? முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கமாண்டர் விமானம் கேட்பார், கிடைக்காது. டாங்கி கேட்பார், வராது. யாரையும் குறைசொல்லிப் பயனில்லை, அந்த மூன்று பெட்டியைக் கட்ட மூன்று நிமிடம் செலவழிக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

எம்ஜி42 என்ற ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியை வைத்திருப்பவர் மேட்டின் நடுவில் உட்காரக்கூடாது. ஓரத்தில் உட்கார்ந்து குறுக்கே சுட வேண்டும். நேரே ஏறி வரும் வரிசையில் முன்னால் வருகிற ஒருவன்தான் நடுவில் இருப்பவருக்கு அகப்படுவான். ஓரத்திலிருந்து பார்த்தால் அந்த வரிசை முழுதும் நீளவாக்கில் கிடைக்கும். இரண்டு பெல்ட் சுட்டதும் இடம் மாற வேண்டும், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டாம்.

ஏறுபவர்களுக்கு வேலை இதைவிடக் கடினம். சோவியத் பக்கம் மேற்கே போகப் போக பின்னாலிருந்து வரும் உதவி தேய்கிறது. பீரங்கிக் கணக்கைப் பாருங்கள். பீரங்கிகள் நிற்பது தலைமையகப் பக்கம், அதாவது கிழக்கு ஓரம். எட்டும் தூரம் குறைந்தது 100 மீட்டர், அதிகம் 1,600 மீட்டர். களத்தின் குறுக்களவோ 2,000. எனவே மேற்குக் கோடிப் பட்டையின் பெரும்பகுதி சோவியத் பீரங்கிக்கு எட்டாது. எட்டும் விளிம்புக்கு அடிக்க வேண்டுமானால் கருவியை 800 மில்லில் (பீரங்கிக் குழாயின் கோண அளவு) வைக்க வேண்டும். 100 மீட்டருக்கு 1,120. இடையில் ஒரு மில் குறைத்தால் குண்டு சுமார் 4.7 மீட்டர் தள்ளி விழும். ஜெர்மன் பீரங்கிக்குக் கணக்கு வேறு: 100 மீட்டருக்கு 978, 1,600 மீட்டருக்கு 622, ஒரு மில்லுக்குச் சுமார் 4.2 மீட்டர். இரண்டு பக்கமும் மாறிமாறி ஆடுபவர்கள் சோவியத் பீரங்கியில் உட்கார்ந்து ஜெர்மன் எண்ணைப் போடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. 350 மீட்டருக்கு ஜெர்மன் எண் 919. அதே 919-ஐச் சோவியத் பீரங்கியில் வைத்தால் குண்டு ஆயிரம் மீட்டரையும் தாண்டிப் போய் விழும். அங்கே நம்மாள் நின்றுகொண்டிருக்கலாம்.

இங்கே ஓர் ஆச்சரியம் இருக்கிறது. காப்பவரின் பீரங்கி இந்த மேட்டிலிருந்து சில நூறு மீட்டரில் நிற்கிறது. தாக்குபவரின் பீரங்கியோ எட்டாத தூரத்தில். இந்தச் சமனின்மையைத் தயாரித்தவர்கள் வேண்டுமென்றே வைத்தார்களா, களத்தின் அளவால் தானாக வந்ததா, எப்படியிருந்தாலும் மேட்டின் கனத்தை அது கூட்டிவிடுகிறது. ஏறுபவர்களுக்கு மிஞ்சுவது புகைக்குண்டும் டாங்கியும் கமாண்டரின் விமானமும். புகையைத் தங்கள் முன்னால் போடுவது வீண். மேலே சுடுகிறவன் முகத்துக்கு முன்னால் போட வேண்டும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் எறிந்தால்தான் திரை கட்டும். ஒருவர் பின் ஒருவராக எறிந்தால் புகைக்கு இடையே கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

வழி எது என்று கேட்டால், டோல்கி பள்ளம். கொங்கு நாட்டில் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓடையைப் பள்ளம் என்போம். அந்த நிலத்தை அறிந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பள்ளத்தைப் பிடித்து, அதன் வடக்குக் கரையோரம் குனிந்து நடந்து, அங்கே 100 சப்ளை செலவழித்து எதிரி நிலத்தில் ஒரு காரிசன் வையுங்கள். 50 சப்ளையில் சொந்த நிலத்தில் வைத்தால் ஒவ்வொரு தடவை செத்ததும் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஏறி வர வேண்டும். பன்னிரண்டு பேருக்கு அது என்ன இழப்பு என்று கணக்குப் போட்டால் கூடுதல் 50 சப்ளை மலிவு. பாயிண்டைப் பிடிக்கும்போது எல்லாரும் வட்டத்துக்குள் போய் முட்டிக்கொள்ளவும் வேண்டாம். வட்டத்துக்குள் இருப்பவருக்கு மதிப்பு அதிகம், ஆனால் வெளியே அதே செக்டாரில் (பாயிண்டைச் சுற்றிய கட்டங்களில்) நிற்பவருக்கும் மதிப்பு உண்டு. ஒரு குழு வெளியே நின்று எதிரிக் காரிசன்களைத் தேடிப் பிரித்தால் வட்டத்துக்குள் இருப்பவர்கள் தானாக மூச்சுவிடுவார்கள்.

வரலாற்றுப் பக்கம் குறை சொல்லியே ஆக வேண்டும். சோவியத் கனரக டாங்கியாக ஐஎஸ்-1 வந்து நிற்கிறது. அந்த டாங்கி உற்பத்திக்கு வந்ததே 1943-இன் பிற்பாதியில். ஸ்டாலின்கிராட் சண்டை 1943 பிப்ரவரி 2 அன்று முடிந்துவிட்டது. ஜெர்மன் பக்கத்துப் பாந்தர் முதன்முதலாகக் களம் கண்டது 1943 ஜூலையில், குர்ஸ்கில். ஆட்டத்தின் சமநிலைக்காக இப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் வீடு, ஆலை, தண்டவாளம் என்று ஒவ்வொன்றையும் பழைய படம் பார்த்துக் கட்டியவர்கள், டி-34-உம் டி-70-உம் போதும் என்று விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை மண். அந்தக் குன்றில் சண்டை ஓய்ந்தபோது ஒரு சதுர மீட்டரில் 500 முதல் 1,250 வரை உலோகச் சிதறல்கள் கிடந்தன. 1943 வசந்தத்தில் அங்கே புல் முளைக்கவில்லை. மண்ணைவிட இரும்பு மிகுந்து கிடந்தது. மாமாய் என்ற ஒருவனின் பெயரில் ஈமக்குன்று என்று சொல்லப்பட்ட இடத்தில் இன்று 34,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் கிடக்கிறார்கள். 62-ஆவது சேனையை நடத்திய சூய்கோவ் 1982-இல் இறந்தபோது அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். மேலே 1967-இல் திறந்த 85 மீட்டர் தாய்நாட்டுச் சிலை. பெயரளவில் ஈமக்குன்றாக இருந்தது நிஜமாகவே ஈமக்குன்றான இடம் இது. ஆட்டத்தில் அதற்கு ஒரு தடயம் இல்லை. மேட்டில் கால் வைக்கும்போது கேட்கும் ஓசை மற்ற இடத்து மண்ணின் ஓசைதான். களத்தில் நிற்பவர் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அறிய வழியும் வைக்கவில்லை. காலடியில் சிதறல் நெறுநெறுக்கும் ஓசையை மட்டும் சேர்த்திருந்தால்கூட இடம் பேசியிருக்கும்.

இந்தக் குறையை நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நமக்குச் சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். 1985 முதல் பல கட்டமாக அங்கே அகழாய்வு நடந்து, இரும்பு உருக்கிய உலையும், மணி செய்த பட்டறைகளும், தமிழ்பிராமி எழுதிய பானை ஓடுகளும், ஊரை ஒட்டியே பெருங்கற்கால ஈமக்காடும் கிடைத்தன. சுற்றிலும் கல்வட்டம், நடுவே பலகைக்கல் நிறுத்திய கற்பதுக்கை, பலகையில் வட்டமாகக் குடைந்த இடுதுளை, மேலே மூடுகல். இந்த ஒழுங்கைக் கோயம்புத்தூரில் முப்பரிமாண வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒருநாள் கட்ட நினைத்தால், ஹெல் லெட் லூஸிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஆட்டத்தின் விதியாக்கிய முறையை. விட்டுவிட வேண்டியது, ஈமக்காட்டை வெறும் மேடாகப் பார்க்கிற பார்வையை. இடுதுளையின் வழியே குனிந்து உள்ளே பார்க்க ஒரு நிமிடம் நிற்கவைத்தாலே அது வேறு ஆட்டமாகிவிடும்.

வாங்குவதற்கு முன் கணினியைப் பாருங்கள். அறிவித்த குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 960 4 ஜிபி. பரிந்துரைத்தது 16 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. ஸ்டாலின்கிராட் போல வீடும் இடிபாடும் நெருங்கிக் கிடக்கும் வரைபடத்துக்குக் குறைந்தபட்சத்தை நம்பி இறங்க வேண்டாம், 16 ஜிபி இல்லாமல் சிக்கும். 8 ஜிபி லேப்டாப்பில் ஆட்டம் திறக்கும், ஆனால் பீரங்கி விழும் நேரத்தில் படம் நின்று நின்று ஓடும். ஹார்டு டிஸ்க்கில் போடாமல் எஸ்எஸ்டியில் போடுங்கள். இல்லாவிட்டால் மற்றவர்கள் முதல் காரிசனைக் கட்டி முடிக்கும்போதுதான் உங்களுக்கு வரைபடம் ஏறும். ஈரோட்டு ஏப்ரல் வெயிலில் லேப்டாப் கொதித்து வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடியில் காற்றுப் போக ஸ்டாண்டு வைத்து, பிரேம் அளவை 60-இல் கட்டிவிட்டால் பெரும்பாலும் தாங்கும்.

கரண்ட் விஷயமும் உண்டு. 90 நிமிட ஆட்டத்தில் கமாண்டராக இருப்பவர் வீட்டில் மின்சாரம் போனால் ஐம்பது பேர் தலையில்லாமல் நிற்பார்கள். 600 விஏ யூபிஎஸ் என்பது ஏறத்தாழ 360 வாட். 1060 போட்ட டெஸ்க்டாப்பை அது சில நிமிடம்தான் தாங்கும். பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியேற அந்த நேரம் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்னால் இருக்கும் சுவிட்ச் யூபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நிலையில் மாறும்போது விழும் சிறு இடைவெளியில் கணினி மறுபடி தொடங்கிவிடும். ரௌட்டரையும் அதே இணைப்பில் போடாவிட்டால் கணினி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஆட்டம் அறுந்துவிடும்.

சர்வர் பட்டியலைப் பிங் (சர்வர் பதில் தர ஆகும் தாமதம்) வரிசையில் அடுக்கி, சிங்கப்பூர்ப் பக்கத்து சர்வர்களை முதலில் பாருங்கள். ஐரோப்பியச் சர்வர்களிலும் ஆடலாம், ஆனால் கிட்டத்துச் சண்டையில் தாமதம் தெரியும். களத்தை நிதானமாக நடந்து பார்க்க விரும்புபவர்கள் ஆள் குறைவாக இருக்கும் சர்வருக்குப் போகலாம். அங்கே பெரும்பாலும் நடுப் பாயிண்டில் மட்டும் சண்டை போட வேண்டும், மேற்கே ஏறக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள். அதைப் படிக்காமல் ஏறினால் வெளியே தள்ளிவிடுவார்கள். ஜெர்மன் பக்கம் சேர்ந்தால் மேடு உங்கள் நிலத்திலேயே இருக்கும், விதி மீறாமல் சுற்றலாம்.

மைக் இல்லாமல் இதை வாங்காதீர்கள். குழுத்தலைவர் சொல்வதைக் கேட்காத ஆறு பேர் ஒரு குழு ஆக மாட்டார்கள். தமிழ்க் குழு கட்டினால் பெயரிலேயே தமிழ் என்று போட்டுவிடுங்கள், தேடி வருவார்கள். சொல்வதைச் சுருக்கிச் சொல்லப் பழக வேண்டும். கட்ட எண், திசை, எண்ணிக்கை, அவ்வளவுதான்: "அண்ணா, பி நாலு, கெழக்கால செவத்தோரம் ரெண்டு பேருங்க." "அந்தப் பக்கம் ஒருத்தன் ஓடறான்" என்பது யாருக்கும் பயன்படாது, உங்கள் அந்தப் பக்கம் அவருக்கு எந்தப் பக்கம்? கூகுள் மேப்பில் நொய்யலுக்கு வடக்கே, தெற்கே என்று திசை சொல்லிப் பழகியவர்களுக்கு இது இரண்டு ஆட்டத்தில் வந்துவிடும். திரையின் கீழே திசைகாட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்து டிகிரியில் சொன்னால் இன்னும் நல்லது.

தனியாக, கதையோடு ஆட விரும்புபவர்களுக்கு இது வேண்டாம். கதை ஆட்டமே இதில் கிடையாது. வாரத்துக்கு இரண்டு மாலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய நான்கைந்து பேர் சேர்ந்தால் தாராளமாக வாங்கலாம், தள்ளுபடி வரும்வரை காத்திருந்தால் இன்னும் நல்லது. முதல் பத்து ஆட்டத்துக்கு ரைபிள்மேனாக மட்டும் ஆடுங்கள், பதினொன்றாவதில் சப்போர்ட். குழுத்தலைவர் வேலையை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஜெர்மன் பக்கம் கிடைத்து, மாமாயெவ் அப்ரோச் பாயிண்டாக வந்த ஆட்டமாக இருந்தால், எதிரி நடுவுக்கு வந்து சேர்வதற்கு முன் சில நிமிடம் இருக்கும். அப்போது காரிசனுக்குச் சப்ளைப் பெட்டியைப் போட்டுவிட்டு, மேட்டு விளிம்புக்குப் போய்க் கிழக்கே திரும்பிப் பாருங்கள். முதலில் பள்ளம், அப்புறம் தண்டவாளம், அதற்கப்பால் இடிந்த வீடுகள், கடைசியில் ஆறு இருக்கும் திசை. பார்த்ததும் பத்தடி பின்னால் இறங்கிப் படுத்துக்கொள்ளுங்கள்.